தாயத்தாகிவிட்ட விசுவாசம்

ஒரு சபை எந்த நிலையில் இருக்கிறது என்பது பிரசங்க பீடத்தில் நின்று பார்த்தால் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் சலவை உடுப்போடுதான் வந்து உட்காருவார்கள். பாடகர் குழுவும் நன்றாகத்தான் பாடும். ஜெபக் குறிப்புச் சீட்டுகளை எடுத்துப் படித்தால்தான் நிலை தெரியும். தென் தமிழ்நாட்டுச் சபைகளில் நெடுங்காலம் ஆயராக இருந்தவர் எவரும் அந்தச் சீட்டுகளை வைத்தே காலம் மாறிய கதையைச் சொல்லிவிடலாம். கோடு போட்ட நோட்டுத் தாளை நாலாக மடித்தவை, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதியவை, பெயர் போடாமல் 'ஒரு சகோதரி' என்று மட்டும் முடிபவை என்று பல வகை. முன்பெல்லாம் மழைக்காகவும், பனையில் பதநீர் சுரக்கவும், பம்பாய்க்குப் போன மகன் கடிதம் போடவும் எழுதுவார்கள். இப்போது நீட் தேர்வு, விசா நேர்காணல், குழந்தை பாக்கியம், வீட்டுக் கடன் தவணை, புற்றுநோய், மகளின் விவாகரத்து வழக்கு. தேர்வு நுழைவுச் சீட்டின் எண்ணைக்கூடச் சிலர் எழுதியிருப்பார்கள். ஒன்று மட்டும் மாறவில்லை. செய்வினைக் கட்டு அறுபட வேண்டும் என்ற சீட்டு அன்றும் வந்தது, இன்றும் வருகிறது. நன்றாகப் படித்தவர் வீட்டிலிருந்தும் வருகிறது. இத்தனை சீட்டுகளுக்கு நடுவே அபூர்வமாகத்தான் வேறொரு வகை கிடைக்கும். சொத்து விவகாரத்தில் தம்பிக்குச் செய்த அநியாயத்தைச் சரிசெய்ய எனக்குத் தைரியம் வேண்டும் என்பது போன்ற ஒரு வரி.

நம் காலத்துச் சபையில் அனல் குறைந்துவிட்டது என்று சொல்லாத கன்வென்ஷன் பிரசங்கியார் இல்லை. காரணத்தையும் அவர்கள் கையில் வைத்திருப்பார்கள்: வசதி வந்துவிட்டது, பயம் போய்விட்டது. வசதி ஆளை உறங்கவைக்கும் என்பதில் உண்மை உண்டு. ஆனால் அந்தச் சீட்டுகளைப் படிக்கிறவரால் நம் சபையாருக்குப் பயம் இல்லை என்று சொல்ல முடியாது. பாட்டன் பூட்டன் காணாத வீட்டில் இருந்துகொண்டு பாட்டன் பூட்டனைப் போலவே பயப்படுகிறார்கள். என் கணிப்பு இதுதான்: பயமும் அசதியும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. ஒன்றின் வயிற்றில்தான் மற்றது பிறக்கிறது. இழந்துவிடுவோமோ என்ற பயம் ஆளைக் கோவிலுக்குக் கொண்டுவருகிறது. அந்தப் பயத்துக்கு ஒரு காவல் கிடைத்ததும் ஆள் நிம்மதியாகிவிடுகிறார். தேவனிடம் கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று; தேவன் தன்னிடம் கேட்பதற்கு ஏதாவது இருக்குமா என்ற எண்ணம் எழுவதில்லை. சபையின் உறக்கம் என்று நாம் சொல்வது இந்த நிம்மதியைத்தான்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த நோயல்ல. கி.பி. 250இல் ரோமப் பேரரசன் டேசியஸ், குடிமக்கள் எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்கான சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டான். அத்தகைய சான்றிதழ்கள் எகிப்தின் மணலுக்குள்ளிருந்து பாப்பிரஸ் தாள்களாகக் கிடைத்திருக்கின்றன. அந்த ஆணைக்கு முன்பு சபைக்கு நீண்ட அமைதிக் காலம் இருந்தது. அந்தக் காலத்தில் விசுவாசிகளும் மேய்ப்பர்களும் சொத்து சேர்ப்பதில் மூழ்கிக் கிடந்ததைக் கார்த்தேஜின் பேராயர் சிப்ரியான் மனம் நொந்து எழுதி வைத்திருக்கிறார். ஆணை வந்ததும், யாரும் வந்து பிடிக்கும் முன்னரே, கூட்டங்கூட்டமாகப் பலியிடப் போனார்கள் என்பதையும் அவரே சொல்கிறார். அமைதியில் உறங்கியவர்களும் ஆணைக்கு அஞ்சி ஓடியவர்களும் ஒரே ஆட்கள்தான். கவலையில்லாமல் இருந்தவர்களுக்கு வேறு இருதயமும் பயந்தவர்களுக்கு வேறு இருதயமும் இருக்கவில்லை. சிப்ரியானும் அந்த ஆண்டு மறைந்துதான் இருந்தார். ஆனால் 258இல் தம் விசுவாசத்துக்காகத் தலை வெட்டுண்டு மரித்தார். பயம் வந்ததே குற்றம் என்று யாரும் நினைக்க வேண்டாம் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

நம் பக்கத்துக் கதையும் இதுதான். மிஷனெரி கால்டுவெல் 1841இல் இடையன்குடிக்கு வந்தபோது தேரிக்காட்டு மக்கள் பேய்க்குப் பயந்து வாழ்ந்தார்கள். அதைப் பற்றி அவர் 1849இல் ஒரு நூலே எழுதினார். கிறிஸ்து மார்க்கத்துக்கு வந்தவர்கள் பேய்க்கோவிலையும் தாயத்தையும் விட்டு வந்தார்கள். தாயத்துக்கு ஓர் இயல்பு உண்டு. கட்டும்போது உடல் நடுங்கும். கட்டிய பிறகு மறந்துபோகும். அது யாரையும் எதுவும் கேட்காது. பக்கத்து வீட்டுக்காரனோடு ஒப்புரவாகு என்று சொல்லாது, கூலியைக் குறைக்காமல் கொடு என்று சொல்லாது. இன்று வாசல் நிலையில் தடவும் ஜெப எண்ணெயும், வண்டிக் கண்ணாடியில் ஒட்டும் வசனமும், மணிபர்ஸில் மடித்து வைக்கும் தொண்ணூற்றோராம் சங்கீதமும் பல வீடுகளில் அந்த வேலையைத்தான் செய்கின்றன. வசனம் மாறவில்லை, அதைப் பிடித்திருக்கும் கை மாறிவிட்டது. வேதத்தில் 'பயப்படாதே' என்ற வார்த்தை வரும் இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் அதன் கூடவே ஒரு வேலையும் வருகிறது. யோசுவாவுக்கு ஆற்றைக் கடக்கும் வேலை, எரேமியாவுக்கு ராஜாக்களிடம் பேசும் வேலை, மரியாளுக்கு ஊர் வாய்க்கு நடுவே பிள்ளை சுமக்கும் வேலை, கொரிந்துப் பட்டணத்தில் பவுலுக்கு வாயை மூடாமல் பிரசங்கிக்கும் வேலை. நாம் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டோம்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஏழையின் பயம் உண்மையான பயம். நோயும் கடனும் மனிதனை நெருக்கும்போது அவன் ஆண்டவரிடம் ஓடாமல் வேறு எங்கே ஓடுவான்? சங்கீதப் புத்தகத்தில் பாதி அப்படிப்பட்ட கூக்குரல்தானே? குஷ்டரோகியையும் குருடனையும் இயேசு திருப்பி அனுப்பினாரா? இந்த மறுப்பை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். திருநெல்வேலித் திருச்சபையே பயந்தவர்களின் சபையாகத்தான் எழுந்தது. அடித்து விரட்டப்பட்டவர்களுக்கு அடைக்கலமாக 1799இல் முதலூர் உண்டானது. 1802இல் மிஷனெரி கெரிக்கே ஐயர் சுற்றி வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அவர்களில் பலர் நிலக்காரர்களின் கொடுமையிலிருந்து தப்ப வழி தேடியவர்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தின்போது பல ஆயிரம் பேர் வந்து சேர்ந்தார்கள். சோற்றுக்காக வந்த கிறிஸ்தவர்கள் என்று ஏளனமும் நடந்தது. பயத்தால் வந்ததைப் பற்றி வெட்கப்பட எதுவுமில்லை. வந்த பயத்தோடே சபை அவர்களை விட்டுவிட்டதா என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் சரித்திரத்தில் இருக்கிறது. கெரிக்கே 1803இல் மரித்த பிறகு அந்தப் புதுச் சபைகளுக்குப் போதிய போதகர்கள் இல்லை. பலர் பழைய வழிக்கே திரும்பிப் போனார்கள். ஆனால் 1820இல் மிஷனெரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு கதை வேறாயிற்று. உபதேசியார்களை வரவழைத்துப் பாடம் நடத்தினார், ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் வைத்தார், ஊரார் கையாலேயே சங்கங்கள் நடக்கச் செய்தார். பின்வந்த பஞ்சக் காலத்துச் சபைகளும் அந்த அமைப்புக்குள்ளேதான் வளர்ந்தன. ஊரிலேயே குடியிருந்த உபதேசியார் காலையும் மாலையும் மணி அடித்து ஜெபம் நடத்தினார். பனையிலிருந்து இறங்கி வந்தவர்களுக்குக் கர்த்தருடைய ஜெபமும் பத்துக் கற்பனைகளும் விசுவாசப் பிரமாணமும் வாயால் சொல்லி மனப்பாடம் ஆக்கினார். மாலை ஜெபத்துக்கு வராத வீட்டுக்கு மறுநாள் காலையில் போய் நின்றார். பெண்கள் உலையில் போட அரிசி அளக்கும்போதே ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கொண்டுவந்தார்கள். தன் வீட்டிலேயே அரைவயிறு சாப்பிட்ட தாய் வேறொருவருக்காகக் கைப்பிடி அரிசியை ஒதுக்கிய நேரத்தில் பயம் அவளை ஆளவில்லை. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, பின்னாளில் பேராயரான அசரியா அந்தத் தலைமுறையின் பிள்ளை. 1902இல் யாழ்ப்பாணம் போனவர், அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் செலவில் ஊழியரைக் கடல் தாண்டி அனுப்புவதைக் கண்டு மனம் அசைந்து திரும்பினார். மறு ஆண்டே திருநெல்வேலி இந்திய மிஷனெரிச் சங்கம் பிறந்தது. பஞ்சத்தின் பிள்ளைகள் நிஜாம் சீமையின் தோர்ணக்கலுக்குத் தங்கள் காசில் ஆள் அனுப்பினார்கள். 1909இல் அசரியாவே அங்கே போனார். பஞ்சத்துக்கும் இதற்கும் இடையே ஒரு தலைமுறைதான்.

அந்த ஏற்பாடு கண்முன்னேதான் கலைந்தது. உபதேசியார் வேலைக்கு மதிப்பும் சம்பளமும் இல்லாமல் போய், ஒரே சபை ஊழியர் மூன்று நான்கு ஊர்களுக்கு வண்டியில் ஓடும் நிலை வந்தது. மாலை மணி பல ஊர்களில் நின்றுபோனது. திடப்படுத்தல் வகுப்பு மாதக்கணக்கில் நடந்தது போய்ச் சில சனிக்கிழமைகளுக்குள் சுருங்கியது. டியூஷன் நேரத்தோடு மோதுகிறது என்று பெற்றோரே குறைக்கச் சொல்கிறார்கள். ஆயர் வீடு சந்திக்கப் போவது நோய், சாவு, கல்யாணம், காணிக்கை பாக்கி என்ற நான்கு காரணங்களுக்குள் நின்றுவிட்டது. காலியான இடத்தில் தொலைக்காட்சிப் பிரசங்கமும் பிறகு கைப்பேசிப் பிரசங்கமும் வந்து உட்கார்ந்தன. அந்தப் பிரசங்கியார்கள் எல்லாரும் கள்ளர் அல்லர். உண்மையான பாரத்தோடு பேசுகிறவர்களும் உண்டு. ஆனால் கண்ணாடித் திரைக்குப் பின்னால் இருப்பவர் உங்கள் தெருவுக்கு வரமாட்டார். உங்கள் வேலைக்காரியிடம் நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஆறுதல் மட்டும்தான் அந்த வழியாக வரும், கண்டிப்பு வராது.

டிசம்பர் 31 இரவு ஆராதனையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். பதினொரு மணிக்கு மேல் ஆலயத்தில் நிற்க இடம் இருக்காது. ஆண்டு முழுவதும் முகம் காட்டாதவர்கள்கூட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். பன்னிரண்டு மணி அடித்ததும் வாக்குத்தத்த அட்டைகள் தாம்பாளத்தில் கவிழ்த்து வைக்கப்படும். வரிசையில் வந்து, கண்ணை மூடி, சிலர் மேலே இருப்பதை விட்டு அடியிலிருந்து ஒன்றை உருவுவார்கள். துபாயில் இருக்கும் மகனுக்கும் சென்னையில் இருக்கும் மருமகளுக்கும் சேர்த்து எடுப்பார்கள். வாசல் திறக்கும், பெருகுவாய், உயர்த்துவேன் என்ற வகை வசனங்கள்தான் இருக்கும். சிலுவையைச் சுமப்பதைப் பற்றியோ சத்துருவைச் சிநேகிப்பதைப் பற்றியோ ஓர் அட்டை இருக்காது. அச்சடிப்பவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அப்படி அடித்தால் யாரும் வாங்கமாட்டார்கள். அதிகம் எடுக்கப்படும் வசனங்களில் ஒன்று எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம், தேவன் தம் மக்களுக்கு நன்மையையே நினைத்திருக்கிறார் என்பது. அது சிறைப்பட்டுப் பாபிலோனில் கிடந்தவர்களுக்கு எழுதிய கடிதம். 10ஆம் வசனம் எழுபது ஆண்டுகள் அங்கேயே இருக்க வேண்டும் என்கிறது. 7ஆம் வசனம் தங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் நலனைத் தேடி அதற்காக ஜெபிக்கச் சொல்கிறது. எழுபது ஆண்டையும் பகைவரின் பட்டணத்தையும் வெட்டிவிட்டு நன்மையை மட்டும் அட்டையில் ஏற்றியிருக்கிறோம். அந்த அட்டையைப் பீரோ கண்ணாடியில் செருகி வைப்பவருக்கு ஜனவரி முதல் ஞாயிறு ஆராதனைக்கு வர எந்த அவசியமும் தெரிவதில்லை.

இதில் ஆயர்களின் பங்கை மறைத்துவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். எங்கள் தொழிலுக்கு உள்ளேயும் ஒரு பயம் இருக்கிறது. சங்கக் காணிக்கை இலக்கை எட்ட வேண்டும். சேகர கமிட்டியில் இருப்பவர் மனம் கோணினால் மாற்றல் வரும். தேர்தல் நெருங்கும்போது எந்தப் பிரசங்கத்தையும் எந்த அணியாவது தங்களைக் குத்தியதாக எடுத்துக்கொள்ளும். சபைத் தேர்தல் நீதிமன்றம் ஏறி, ஓய்வு பெற்ற நீதிபதிகளின் மேற்பார்வையில் நடக்க வேண்டிய நிலைவரைக்கும் வந்துவிட்டது. இப்படிப்பட்ட இடத்தில் நிற்கும் ஆயருக்கு ஆறுதல் பிரசங்கமே பத்திரமானது. பயந்த மக்களுக்குப் பயந்த மேய்ப்பன் கிடைத்தால் இருவரும் ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்து உறங்கவைப்பார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயந்தவர்தான் அதிகம் காணிக்கை போடுவார். தலைமுறைச் சாபம் முறிப்பதாக அறிவிக்கும் கூட்டத்தில் விழும் காணிக்கையையும், பக்கத்துச் சேரிப் பிள்ளைகளின் படிப்புக்காக எடுக்கும் காணிக்கையையும் எண்ணிப் பார்த்த பொருளாளர்களுக்கு இது தெரியும். மக்களின் பயத்தில் வருமானம் இருக்கும்வரை அதை நீக்க ஊழியருக்கு மனம் வருவது கடினம்.

அப்படியானால் நரகத்தையும் நியாயத்தீர்ப்பையும் பலமாகப் பிரசங்கித்து எழுப்பிவிடலாமே என்று மூத்தவர்கள் சிலர் கேட்கிறார்கள். எழுப்புதல் கூட்டங்களில் அது நடந்தும் வருகிறது. அழுகிறார்கள், முன்னால் வந்து முழங்காலில் நிற்கிறார்கள், ஒப்புக்கொடுத்தல் அட்டையில் கையெழுத்துப் போடுகிறார்கள். அடுத்த ஆண்டும் அதே ஆட்கள் அதே அட்டையில் கையெழுத்துப் போடுகிறார்கள். நரகத்துக்குப் பயந்து வந்தவருக்கு நரகத்திலிருந்து ஒரு காவல் கிடைத்ததும் பழைய நிம்மதிதான் திரும்புகிறது. பயத்தின் பொருள் மாறியதே தவிர, தன்னைச் சுற்றியே சுழலும் மனம் மாறவில்லை. யோபுவின் புத்தகம் இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது: எந்த லாபமும் இல்லாமலா யோபு தேவனுக்குப் பயந்து நடக்கிறான் என்று சாத்தான் கேட்கிறான். வேலியும் மந்தையும் பிள்ளைகளும் இருப்பதால்தான் பக்தி என்பது அவன் குற்றச்சாட்டு. அந்தக் கேள்வியை நம் சபைகளைப் பார்த்துக் கேட்டால் என்ன பதில் சொல்லப்போகிறோம்? தேவனுக்குப் பயப்படுவது என்பது, அவர் நமக்கு என்ன செய்துவிடுவாரோ என்று நடுங்குவது அல்ல. அவர் பார்வையில் சரியில்லாததைச் செய்ய மறுப்பது, மறுத்தால் நஷ்டம் வரும் என்று தெரிந்தும் மறுப்பது.

நாட்டில் கிறிஸ்தவர்கள் தாக்கப்படும் காலத்தில் பயத்தைப் பழிப்பது நியாயமா என்ற கேள்வி இன்னும் கனமானது. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் மிஷனெரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு சிறு பையன்களையும் வண்டிக்குள் வைத்து எரித்தார்கள். 2008இல் கந்தமாலில் ஆயிரக்கணக்கானவர்கள் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். அவர்களுடைய பயத்தைக் குறைசொல்ல இங்கே பத்திரமாக இருக்கும் எவருக்கும் யோக்கியதை கிடையாது. ஆனால் அங்கே நடந்ததைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கிரகாமின் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் கொலைகாரர்களை மன்னித்ததாகப் பகிரங்கமாகச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் பாரிபடாவில் தங்கிக் குஷ்டரோகிகளின் இல்லத்தைத் தொடர்ந்து கவனித்தார். பயப்பட எல்லாக் காரணமும் உள்ளவர் வேலையை விடவில்லை. இங்கே அந்தச் செய்திகளை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, நமக்கும் ஆபத்து என்று இன்னும் கொஞ்சம் பயந்து, வாக்குக் கேட்டு வருபவர்களிடம் பாதுகாப்புக் கோருவதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது.

எந்தச் சீட்டிலும் எழுதப்படாத பயம் ஒன்று இருக்கிறது. சொந்தக்காரர் என்ன சொல்வார்களோ என்ற பயம். சாதி நம் சபைக்குள் உயிரோடு இருப்பது அதனால்தான். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமை சபைக்குள் இருக்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். ரோமன் கத்தோலிக்கச் சபையில், 1872இல் கட்டிய வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்து உயர்நீதிமன்றம்வரை வழக்குப் போனது. இன்று எந்த ஆலயத்துக்குள்ளும் அப்படியொரு சுவரை எழுப்பத் துணிய மாட்டார்கள். ஆனால் கல்யாணப் பேச்சிலும் கல்லறைத் தோட்டத்திலும் தேர்தல் அணியிலும் அது அப்படியே நிற்கிறது. முழு இரவு ஜெபத்தில் பிசாசை விரட்டுகிற மூப்பருக்கு, மகள் வேறு சாதிக் கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொள்ள விரும்பினால் குரல் நடுங்குகிறது. பிசாசுக்கு இல்லாத அதிகாரம் ஒன்றுவிட்ட பெரியப்பாவுக்கு இருக்கிறது. நம் விசுவாசம் எங்கே நிற்கிறது என்பதை அளந்து பார்க்க இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் சரிசெய்யப் பெரிய எழுப்புதல் ஒன்று வானத்திலிருந்து இறங்க வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. முன்னோர் செய்தது சின்னச் சின்ன வேலைகள்தான். இளம் ஆயர்களுக்கு நான் சொல்ல விரும்புவது: ஒரு காரியமும் இல்லாத நாளில் வீடு சந்திக்கப் போங்கள். நோய்க்கு மட்டும் போகும் ஆயரிடம் மக்கள் நோயைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். வாக்குத்தத்த அட்டை அச்சடிப்பதாக இருந்தால் வசனத்துக்கு முன்னும் பின்னும் உள்ளதையும் சேர்த்து அச்சடியுங்கள். காணிக்கை அறிக்கையில் சபை தனக்காகச் செலவிட்டதையும் பிறருக்காகச் செலவிட்டதையும் தனித்தனியாகக் காட்டுங்கள். பெற்றோரே, திடப்படுத்தல் வகுப்பை ஒரு முழு ஆண்டு நடத்த ஆயருக்கு இடம் கொடுங்கள். அந்தச் சனிக்கிழமைகளில் டியூஷனை ஒத்திவையுங்கள். மூப்பர்களே, வருகிற சேகர கமிட்டிக் கூட்டத்தில் கட்டடக் கணக்குக்கு முன்னால் இந்த வேலைகளை முதல் பொருளாக எடுத்துப் பேசுங்கள்.